கார் ஆடியோவில் கிராஸ்ஓவர் செட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் நம் ஊர் கார்களில் அதிகம் பொருத்தப்படும் ஓர் அமைப்பை வைத்து எழுதப்பட்டவை: முன் கதவுகளில் 6.5 அங்குல வூஃபர் (பெரிய ஸ்பீக்கர்), கண்ணாடி மூலையில் ட்வீட்டர் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), பின் கதவுகளில் கோஆக்சியல் (இரண்டும் ஒன்றாக அமைந்தது), டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் மட்டும் கொடுப்பது, சுருக்கமாக சப்), ஒரு நான்கு சேனல் ஆம்ப், சப்புக்கு ஒரு மோனோ ஆம்ப். உங்கள் காரில் இதில் ஒன்றிரண்டு குறைந்தாலும் கணக்கு மாறாது.

கிராஸ்ஓவர் என்ன வேலை செய்கிறது? அது இல்லாமலும் பாட்டு கேட்கிறதே?

ஒலியை அதிர்வெண்படி பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதற்கேற்ற பங்கை மட்டும் அனுப்புவது கிராஸ்ஓவர். அது இல்லாமலும் பாட்டு கேட்கும். ஆனால் ஸ்பீக்கர் தன்னால் முடியாத வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரே சத்தத்தைக் கொடுக்க, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸில் அதே சத்தத்துக்கு 4 மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர். கதவில் இருக்கும் 6.5 அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. அது எல்லையை முட்டும். அந்த நேரத்தில் அதே கோன் பாடிக்கொண்டிருக்கும் குரலும் கலங்கிவிடும். வால்யூம் கூட்டும்போது பாடகரின் குரல் கரகரப்பாவதற்குப் பல கார்களில் இதுதான் காரணம். ஸ்பீக்கர் மட்டம் என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள். ஹை பாஸ் போட்டுப் பார்த்திருந்தால் பழைய ஸ்பீக்கரே போதுமானதாக இருந்திருக்கும்.

ஹை பாஸ் என்பது குறித்த அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை விட்டு, கீழே உள்ளதைக் குறைப்பது. லோ பாஸ் அதற்கு நேர்மாறு. இரண்டும் சேர்ந்தால் பேண்ட் பாஸ். ஆம்பின் பலகையில் எச்பிஎஃப், எல்பிஎஃப் என்று இருப்பவை இவைதான்.

எதை எவ்வளவில் வைப்பது? எண் மட்டும் சொல்லுங்கள்.

முன் கதவு 6.5 அங்குலம்: ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ். 5.25 அங்குலம்: 90 முதல் 100. 4 அங்குலம்: 120 முதல் 150. பின் பார்சல் ட்ரேயில் 6க்கு 9 ஓவல்: 60 முதல் 70. சப்வூஃபர் லோ பாஸ்: 70 முதல் 80. டேஷ்போர்டில் 3 அங்குல மிட்ரேஞ்ச் இருந்தால்: 300 முதல் 400. ஆக்டிவாக, அதாவது தனி ஆம்ப் சேனலில், ஓட்டும் ட்வீட்டர்: 3,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்க வேண்டாம்.

இவை தொடங்கும் இடங்கள் மட்டுமே. கதவின் தகரம், ஸ்பீக்கரின் தரம், டிக்கிக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் சீட் மட்டும் இருக்கிறதா, தகரத் தடுப்பும் இருக்கிறதா என்பதைப் பொறுத்து 10, 15 ஹெர்ட்ஸ் இப்படி அப்படிப் போகும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் கேபினும் ஒரே அறை. செடானில் அப்படியில்லை, பின் சீட்டுக்கும் பார்சல் ட்ரேக்கும் பின்னால் அடைபட்ட பேஸ், சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரும்.

ஸ்லோப் என்று 6, 12, 18, 24 டெசிபல் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

கிராஸ்ஓவர் சுவர் மாதிரி நிற்பதில்லை, சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதே ஸ்லோப்; ஒரு ஆக்டேவுக்கு எத்தனை டெசிபல் இறங்குகிறது என்று அதைச் சொல்வார்கள். ஒரு ஆக்டேவ் என்றால் அதிர்வெண் இரட்டிப்பது அல்லது பாதியாவது. 80 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் ஸ்லோப்பில் ஹை பாஸ் வைத்தால், 40 ஹெர்ட்ஸ் சுமார் 12 டெசிபல் குறைந்து கதவுக்குப் போகும். 24 டெசிபல் என்றால் சுமார் 24 குறையும். 6 டெசிபல் ஸ்லோப்பை கார் கதவில் ஹை பாஸாக வைப்பது பெயரளவுக்குத்தான். 40 ஹெர்ட்ஸில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான வோல்டேஜ் இன்னமும் போய்க்கொண்டிருக்கும்.

சப்வூஃபருக்கு 24 கிடைத்தால் 24 வையுங்கள். டிக்கியில் இருக்கும் சப் இருக்கிற இடத்தைக் காதுக்குக் காட்டிக்கொடுப்பது 100 ஹெர்ட்ஸுக்கு மேலே கசியும் ஒலிதான். 80ல் 12 டெசிபல் ஸ்லோப் வைத்தால் 160 ஹெர்ட்ஸ் 12 டெசிபல் மட்டுமே குறையும். சப்பின் சத்தம் பொதுவாக மற்றவற்றைவிடக் கூடவே வைக்கப்படுவதால், அந்தக் கசிவு நன்றாகக் கேட்கும். முன் கதவுக்கு 12 போதும்; அதிக வால்யூமில் ஓட்டுபவர்கள் 24க்குப் போகலாம்.

டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தேர்வு வரும், ஃபில்டரின் வகை: பட்டர்வொர்த், லிங்க்விட்ஸ்-ரைலி. பட்டர்வொர்த் பிரிட்டிஷ் பொறியாளர். அவர் ஃபில்டர் கணக்கு 1930ல் வந்தது. லிங்க்விட்ஸும் ரைலியும் ஹியூலெட்-பேக்கார்டு பொறியாளர்கள். அவர்கள் கட்டுரை 1976ல் வந்தது. நமக்கு வேண்டிய வித்தியாசம் இவ்வளவுதான்: பட்டர்வொர்த்தில் குறித்த அதிர்வெண்ணில் ஒலி 3 டெசிபல் இறங்கியிருக்கும், லிங்க்விட்ஸ்-ரைலியில் 6 டெசிபல். 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலியை இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வைத்தால், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஃபேஸில் (ஒன்றாக முன்னே தள்ளி, ஒன்றாகப் பின்னே இழுத்து) சேர்ந்து மேடும் பள்ளமும் இல்லாமல் வரும். தேர்வு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரியோவிலும் கிராஸ்ஓவர் இருக்கிறது, ஆம்பிலும் இருக்கிறது. எதில் வைப்பது?

ஒன்றில் மட்டும். அதிகமாகப் பார்க்கும் தவறு இது. ஸ்டீரியோவில் 80, 12 டெசிபல் ஹை பாஸ். ஆம்பிலும் 80, 12 டெசிபல் ஹை பாஸ் என்று இரண்டும் ஓடினால், கதவுக்கு 24 டெசிபல் ஸ்லோப் கிடைக்கும், 80 ஹெர்ட்ஸில் ஒலி 6 டெசிபல் இறங்கியிருக்கும். சப்புக்கோ ஆம்பில் மட்டும் 12 டெசிபல். இரண்டு பக்கமும் பொருந்தாது. அதிலும் ஆம்பின் குமிழ் 80 என்று காட்டி உண்மையில் 110ல் இருந்தால், 80 முதல் 110 வரை யாரும் பாடாத ஒரு பள்ளம் விழும். டிரம்ஸின் அடி, பேஸ் கிடாரின் உடம்பு எல்லாம் காணாமல் போகும். உடனே பேஸ் பூஸ்ட்டைத் திருப்புவார்கள். 45 ஹெர்ட்ஸ் குமுறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஸ்டீரியோவில் எண்ணைத் திரையிலேயே பார்த்து வைக்க முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆம்பில் ஸ்விட்சை ஃபுல் என்ற இடத்தில் விடுங்கள். மோனோ ஆம்ப்களில் லோ பாஸை அணைக்கும் வழி பெரும்பாலும் இருக்காது. அப்போது அந்தக் குமிழை அதன் உச்சத்துக்கு, 200 அல்லது 250க்குத் திருப்பிவிட்டு, ஸ்டீரியோவில் 80 வையுங்கள்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள்: ஈக்வலைசர் நேர்கோட்டில், லவுட்னஸ் அணைத்து, பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில், பேலன்ஸும் ஃபேடரும் நடுவில். ஃபோனில் இருந்து பாடினால் ஃபோனின் ஈக்வலைசரையும் அணையுங்கள். இதை மறந்துவிட்டு மூன்று மணி நேரம் செட்டிங் செய்வது சாதாரணமாக நடப்பது.

சப்பின் ஆர்.சி.ஏ. வயரை (ஸ்டீரியோவில் இருந்து ஆம்புக்குப் போகும் சிக்னல் வயர்) கழற்றிவிடுங்கள். முன் ஸ்பீக்கர் மட்டும் ஓடட்டும். ஹை பாஸ் 80ல் தொடங்கி, உங்களுக்குப் பழக்கமான பாட்டை, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச வால்யூமில் வையுங்கள். கதவு கரகரத்தால் 90, 100 என்று ஏற்றுங்கள். சுத்தமாக இருந்தால் 70 வரை இறக்கிப் பாருங்கள். கோன் அடித்துக்கொள்ளும் ஒலி கேட்கத் தொடங்கும் இடத்தில் இருந்து 10 ஹெர்ட்ஸ் மேலே நிறுத்துங்கள்.

இப்போது முன் ஸ்பீக்கரை அணைத்து சப்பை மட்டும் ஓட்டுங்கள். ஆண் குரல் பாடும் பாட்டைப் போடுங்கள். டிக்கியில் இருந்து பாட்டின் வரிகள் புரிகிற அளவுக்குக் கேட்டால் லோ பாஸ் அதிகம். ஆண் குரலின் அடிப்படை ஒலி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால், லேசான முணுமுணுப்பு கேட்கலாம். சொல் புரியக் கூடாது.

இரண்டையும் சேர்த்து ஓட்டி, பிறகு ஃபேஸ் (கீழே தனியாக இருக்கிறது), கடைசியில் சப்பின் கெய்ன் (ஆம்பில் சத்த அளவை வைக்கும் குமிழ்). கெய்னைப் பூஜ்யத்தில் இருந்து ஏற்றுங்கள், மேலே இருந்து இறக்காதீர்கள். பேஸ் வந்துவிட்டது என்று தெரிந்த இடத்தைத் தாண்டி, சப் எங்கே இருக்கிறது என்று தெரியும் இடம் வரும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவது சரி.

ஆம்பின் குமிழில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

கூடாது. 50 முதல் 500 வரை அச்சிட்ட குமிழில் நடுப்புள்ளி 275 என்று நினைப்போம். பெரும்பாலான ஆம்ப்களில் அது 150க்கு அருகில் இருக்கும். விலை குறைந்த ஆம்பில் குமிழின் கோடும் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரும் கூடப் பொருந்தாது.

500 ரூபாய் மல்டிமீட்டர் இதற்குப் போதும். ஸ்பீக்கர் வயர்களை ஆம்பில் இருந்து கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், சப்சானிக் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஃபோனிலோ பென் டிரைவிலோ சைன் டோன் (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள்: 30, 80, 400 ஹெர்ட்ஸ். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள்.

ஹை பாஸுக்கு: 400 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, மீட்டர் 10 வோல்ட் காட்டும்வரை ஸ்டீரியோ வால்யூமை ஏற்றுங்கள். வால்யூமைத் தொடாமல் 80 ஹெர்ட்ஸ் டோனுக்கு மாறுங்கள். கிராஸ்ஓவர் குமிழை மெதுவாகத் திருப்பி, மீட்டர் 7.1 வோல்ட் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் உண்மையான 80. 3 டெசிபல் என்பது வோல்ட்டில் 0.707 மடங்கு. லோ பாஸுக்கு இதேதான், 400க்குப் பதில் 30 ஹெர்ட்ஸில் 10 வோல்ட் பிடித்துக்கொண்டு 80க்கு மாற வேண்டும். ஃபில்டர் லிங்க்விட்ஸ்-ரைலி என்றால் 7.1க்குப் பதில் 5 வோல்ட்.

சாதாரண மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் ஏ.சி.யைச் சரியாக அளக்கும். ட்வீட்டரின் 3,500 ஹெர்ட்ஸை இதே முறையில் அளந்தால் தவறான எண் வரும்.

80ல் வைத்தும் கதவு ஸ்பீக்கரில் இருந்து குரலே வரவில்லை, மெல்லிய ஒலிதான் வருகிறது.

ஆம்பின் பக்கவாட்டில் 'எக்ஸ் 10' என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அது அழுத்தப்பட்டிருந்தால் குமிழின் எண் பத்து மடங்காகிவிடும். 80 என்பது 800. ட்வீட்டரைத் தனி சேனலில் ஓட்டுபவர்களுக்காக வைத்தது அது. பொருத்தும்போது விரல் பட்டு மாறிவிடுவது உண்டு. இதற்கு எதிர்த் தவறு இன்னும் ஆபத்தானது: ட்வீட்டர் சேனலில் அந்த ஸ்விட்ச் அழுத்தாமல் விட்டால் 3,500 என்று நினைத்து 350 ஹெர்ட்ஸை அனுப்புவீர்கள். ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) சில நிமிடங்களில் தீய்ந்த வாசனை விடும்.

ஃபேஸ் 0, 180 என்ற ஸ்விட்ச் எதற்கு?

கிராஸ்ஓவர் எண்ணில் கதவு ஸ்பீக்கரும் சப்பும் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடுகின்றன. ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால், அந்த இடத்தில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். கதவைவிடச் சப் 1.3 மீட்டர் அதிகத் தூரத்தில் இருந்தால் அந்தத் தூரம் மட்டுமே கிட்டத்தட்ட 110 பாகை மாற்றிவிடும். அதன்மேல் ஃபில்டரும் தன் பங்குக்கு மாற்றும். 12 டெசிபல் ஸ்லோப்பில் ஹை பாஸும் லோ பாஸும் ஒன்றுக்கொன்று 180 பாகை விலகி நிற்கும். ஆகவே புத்தகத்தைப் பார்த்து 0 அல்லது 180 என்று முடிவு செய்ய முடியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லா ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் சரியா என்று பாருங்கள். ஆம்பில் இருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கர் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால் வழியில் எங்கோ மாறியிருக்கிறது. இந்தச் சோதனை ட்வீட்டருக்கு வேண்டாம்.

பிறகு 80 ஹெர்ட்ஸ் டோனை நடுத்தர வால்யூமில் ஓட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இன்னொருவரை ஸ்விட்சை மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அது சரி. 70, 90 டோன்களிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம். வித்தியாசமே தெரியவில்லை என்றால் இரண்டும் 90 பாகை அருகில் நிற்கின்றன; லோ பாஸை 10 ஹெர்ட்ஸ் இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

பாட்டு முன்னால் இருந்தும் பேஸ் டிக்கியில் இருந்தும் தனித்தனியாக வருகிறது. எப்படிச் சேர்ப்பது?

இதற்கு மிருதங்கத்தைவிட நல்ல சோதனைக் கருவி கிடைக்காது. தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். வலந்தலையின் தெறிப்பு டேஷ்போர்டு பக்கம் கேட்கும். தொப்பியின் கும்கியும் அதே இடத்தில் இருந்துதான் வர வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கைகள் அவை. கும்கி முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தால், வாசிப்பவரின் இடது கை டிக்கியில் இருக்கிறது என்று பொருள்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். லோ பாஸ் அதிகம்: 80ல் இருந்து 65, 60 என்று இறக்குங்கள், கதவு தாங்கினால் ஹை பாஸையும் 70க்குக் கொண்டுவாருங்கள். ஸ்லோப் தட்டை: 12ஐ 24 ஆக்குங்கள். சப்பின் சத்தம் அதிகம்: கெய்னைக் குறையுங்கள். ஃபேஸ் தவறு: மேலே சொன்ன சோதனை.

இதெல்லாம் சரியாக இருந்தும் பின்னால் இழுத்தால், டிக்கியில் ஏதோ அதிர்கிறது. சப் 50 ஹெர்ட்ஸ் பாடும்போது நம்பர் பிளேட்டோ ஸ்டெப்னிக்கு மேலே உள்ள பலகையோ ஜாக்கி ஸ்பேனரோ அதைவிட உயர்ந்த ஒலியில் அதிரும். காது அந்த அதிர்வைப் பிடித்து, பேஸ் அங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்துவிடும். 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனைப் போட்டு, டிக்கியைத் திறந்தும் மூடியும் கையை வைத்துத் தேடுங்கள். நம்பர் பிளேட்டின் பின்னால் ஒரு ஃபோம் துண்டு ஒட்டினால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு கிராஸ்ஓவரைக் குறை சொல்ல வேண்டாம்.

சப்சானிக் ஃபில்டர் கட்டாயமா?

துளை வைத்த பெட்டி என்றால் கட்டாயம். பெட்டியின் ட்யூனிங் அதிர்வெண்ணுக்கு (துளை எந்த எண்ணில் ஒலிக்கும்படி பெட்டி செய்யப்பட்டதோ அது) கீழே, கோனைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்று இல்லை. வெறும் காற்றில் தொங்கும் ஸ்பீக்கர் மாதிரி அது ஓடும். வாய்ஸ் காயில் அடியில் முட்டி நசுங்குவது இப்படித்தான். ட்யூனிங் 35 ஹெர்ட்ஸ் என்றால் சப்சானிக்கை 27, 28ல் வையுங்கள். ட்யூனிங்கின் ஐந்தில் நான்கு பங்கு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் ட்யூனிங் தெரியாவிட்டால் 30.

மூடிய பெட்டிக்கு உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி நிற்கும். 20ல் வைத்தாலும் போதும், விட்டாலும் பெரிய கேடில்லை.

கம்போனன்ட் செட்டோடு வந்த பாஸிவ் பெட்டியில் எதையாவது மாற்றலாமா?

கம்போனன்ட் செட் என்பது வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது; பாஸிவ் பெட்டி, ஆம்புக்கும் அவற்றுக்கும் நடுவில் வரும் கிராஸ்ஓவர் பெட்டி. அதில் ட்வீட்டர் அளவுக்கு 0, -3, +3 என்று ஜம்பர் (மாற்றிச் செருகும் சின்ன இணைப்பு) இருந்தால் அதை மட்டும். ட்வீட்டர் கண்ணாடி மூலையில் உங்கள் முகத்தைப் பார்த்து இருந்தால் -3ல் தொடங்குங்கள். 'ச', 'ஷ' வரும் இடங்களில் காது கூசுவது நின்றுவிடும். பாஸிவ் பெட்டி ட்வீட்டரையும் வூஃபரையும் மட்டுமே பிரிக்கிறது. 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் அதற்கு முன்னால் ஆம்பிலோ ஸ்டீரியோவிலோ தேவைதான். கோஆக்சியலுக்கும் இதே பதில்.

பெட்டியைக் கதவுக்குள் வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளை வழியே வெளியேறும்படிதான் கார் செய்யப்பட்டிருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் வையுங்கள்.

ஒரு கம்பெனியின் பாஸிவ் பெட்டியில் வேறு கம்பெனியின் ட்வீட்டரைப் போடுவதும் நல்லதல்ல. கிராஸ்ஓவர் எண் ஸ்பீக்கரின் ஓம்ஸைப் பொறுத்தது. 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 4 ஓம் ட்வீட்டருக்கு ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸில் வெட்டும். அதே கண்டென்சர் 8 ஓம் ட்வீட்டருக்கு 2,000க்கு இறங்கிவிடும்.

அப்படியானால் கண்டென்சர் மட்டும் வைத்து ஹை பாஸ் செய்ய முடியுமா?

முடியும், 6 டெசிபல் ஸ்லோப்பில். கணக்கு: 1,59,000ஐ அதிர்வெண்ணாலும் ஓம்ஸாலும் வகுத்தால் மைக்ரோஃபாரட் வரும். 4 ஓம், 4,000 ஹெர்ட்ஸ் என்றால் 10. 4 ஓம், 300 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 130. நான்-போலார் வகையாக, 50 வோல்ட் அல்லது 100 வோல்ட்டாக வாங்குங்கள். பிளஸ், மைனஸ் குறியிட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இதற்கு ஆகாது.

ஆக்டிவ் ட்வீட்டருக்கும் ஒரு காவல் கண்டென்சர் போடுங்கள். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் 'டப்' என்ற அடியும், தவறிப்போய் ஃபில்டர் அணைந்த சேனலும் ட்வீட்டரைக் கொல்லாமல் காப்பது அது. 4 ஓமுக்கு 40 மைக்ரோஃபாரட் அளவு 1,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 3,500ல் வைத்த உங்கள் கிராஸ்ஓவரை அது அதிகம் தொடாது.

ட்வீட்டரை எவ்வளவு கீழே இறக்கலாம்?

மேலே சொன்ன 3,500 பொதுவான தொடக்கம்; சரியான எல்லை ட்வீட்டரைப் பொறுத்தது. ட்வீட்டரின் தாளில் எஃப்எஸ் என்று ஓர் எண் இருக்கும், அதன் ரெசனன்ஸ் (அது தானாகவே அதிரும் அதிர்வெண்). அதன் இரு மடங்குக்குக் கீழே வைக்காதீர்கள். எஃப்எஸ் 1,500 என்றால் 3,000, அதுவும் 24 டெசிபல் ஸ்லோப்பில். 12 டெசிபல் என்றால் 4,000க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தாள் இல்லாத ட்வீட்டருக்கு 4,500.

கதவில் இருந்து வரும் பேஸ் மெல்லியதாக இருக்கிறது. ஹை பாஸை 50க்கு இறக்கட்டுமா?

வேண்டாம், கதவைப் பாருங்கள். டோர் பேடைக் கழற்றினால் உள் தகரத்தில் பெரிய ஓட்டைகள் தெரியும். அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டியிருக்கும். கோனின் பின்பக்க ஒலி அந்த ஓட்டைகள் வழியே வந்து முன்பக்க ஒலியை அழிக்கிறது. குறைந்த அதிர்வெண்களுக்குத்தான் இந்த இழப்பு அதிகம். 50க்கு இறக்கினால் கோன் இன்னும் ஓடும், ஒலி கூடாது.

வெளித் தகரத்தின் உள்பக்கத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். உள் தகரத்தின் ஓட்டைகளை மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஏபிஎஸ் தாள் வைத்து அடைத்து, மேலே டேம்பிங் ஷீட். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஃபோம் கேஸ்கெட். கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகே மூடுங்கள். கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் துரு பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகு 80ல் இருக்கும் அதே ஸ்பீக்கர், முன்பு 60ல் கொடுக்காத அடியைக் கொடுக்கும்.

பின் கதவு ஸ்பீக்கருக்கு?

ஹை பாஸ் 100 முதல் 120. சத்தம் முன்பக்கத்தைவிடக் குறைவாக, ஃபேடரை அணைத்தால் மட்டும் தெரிகிற அளவில். பின் சீட்டில் யாரும் இல்லாதபோது அணைத்தே வைக்கலாம்.

டைம் அலைன்மென்ட் கிராஸ்ஓவருக்கு முன்னாலா, பின்னாலா?

பின்னால். டைம் அலைன்மென்ட் என்பது எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி, அருகில் இருப்பவற்றைத் தாமதப்படுத்துவது (டிலே). கிராஸ்ஓவரே ஃபேஸை மாற்றும் என்பதால் அதை முடித்துவிட்டே டிலேக்குப் போக வேண்டும். ஒரு மில்லி விநாடியில் ஒலி சுமார் 35 சென்டிமீட்டர் போகும். நம் ஊரில் டிரைவர் வலப்பக்கம். உதாரணமாக, டிரைவரின் தலையில் இருந்து வலக் கதவு 90 சென்டிமீட்டர், இடக் கதவு 140, சப் 200. தூரத்தில் இருப்பதற்கு டிலே பூஜ்யம். மற்றவை அதற்காகக் காத்திருக்க வேண்டும். வலக் கதவுக்கு 110ஐ 35ஆல் வகுத்து 3.1 மில்லி விநாடி, இடக் கதவுக்கு 60ஐ வகுத்து 1.7. பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார். பிறகு கிராஸ்ஓவரை மாற்றினால் ஃபேஸ் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே ஆம்ப் போட்டிருக்கிறேன்.

ஹை லெவல் இன்புட் (ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரை ஆம்பில் கொடுக்கும் இடம்) வழியாக ஆம்பிலேயே கிராஸ்ஓவர் வையுங்கள். பல கம்பெனி ஸ்டீரியோக்கள் வால்யூம் ஏறும்போது தாங்களாகவே பேஸைக் குறைக்கும், தங்கள் சிறிய ஸ்பீக்கரைக் காக்க. ஆகவே நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் செட்டிங் செய்யுங்கள். குறைந்த வால்யூமில் சரியாக வைத்தது அங்கே பொருந்தாது. மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் சப் அவுட்டுக்கு லோ பாஸ் இருக்கும், கதவுக்கு ஹை பாஸ் இருக்காது. கதவை ஆம்ப் வழியே ஓட்டினால் ஆம்பிலேயே வைக்கலாம்.

செட்டிங் முடித்த பிறகு செய்ய வேண்டியது ஏதாவது?

ஆம்பின் குமிழ்களையும் ஸ்டீரியோவின் ஒவ்வொரு திரையையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். குமிழின் இடத்தில் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினால் சில ஸ்டீரியோக்கள் எல்லா எண்களையும் மறந்துவிடும். ஹை பாஸ் அணைந்துவிடும். ட்வீட்டரை ஸ்டீரியோவின் கிராஸ்ஓவரில் நேராக ஓட்டுபவர்களுக்கு இது மிக ஆபத்தானது. பயனியர் போன்றவற்றில் ஸ்டாண்டர்டு, நெட்வொர்க் என்று இரண்டு மோட் உள்ள மாடல்களில், நெட்வொர்க்குக்காக வயர் செய்துவிட்டு ஸ்டாண்டர்டுக்கு மாறினால் முழு ஒலியும் ட்வீட்டருக்குப் போகும். சர்வீஸில் இருந்து வண்டி வந்ததும், பாட்டைப் போடுவதற்கு முன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஹை பாஸ் திரையைத் திறந்து படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.